பட்டன் கடைக்காரரின் ஈரல்

தொண்ணூறுகளின் நடுவில் நான் அடையாறில் ஒரு லேபில் ஈரல் புற்றுநோய் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வீடு மயிலாப்பூரில். அக்கம்பக்கத்தில் யாராவது, உங்கள் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டால் அம்மா "சயின்ஸ்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். மேலே கேட்டால் காய்கறி விலைக்குப் போய்விடுவாள்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்: "ஈரல் ஈரல்ங்கறயே, ஆட்டு ஈரலா?"

"இல்லம்மா. மனுஷா ஈரல்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினாள். ஆடு இல்லை என்றதில் அவளுக்கு ஒரு நிம்மதி. ஆனாலும் ஆத்துக்கு வந்ததும் குளித்துவிட்டுத்தான் அடுக்களைக்குள் வரவேண்டும் என்று ஒரு சட்டம் போட்டாள். நான் படிப்பை முடிக்கும்வரை அந்தச் சட்டம் அமலில் இருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு புரதம். அதற்கு அப்போது பெயர்கூடக் கிடையாது. செல்லுக்குள் ஏதாவது ஒன்று தயாராக வேண்டுமென்றால், மூலத்தில் இருக்கும் செய்முறையிலிருந்து ஒரு நகல் எடுக்கப்படும். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. வேலை முடிந்ததும் நகலைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். கிழிக்காவிட்டால் அதையே பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டே இருக்கும். எங்கள் புரதம் அந்த நகலை ஒட்டிப் பிடித்துக்கொண்டு கிழிக்கவிடாமல் செய்கிறது என்பது எங்கள் சந்தேகம். நல்ல ஈரலில் அது கொஞ்சமாக இருக்கும். புற்றுக்கட்டியில் நிறைய இருக்கிறதா, அதனால்தான் கட்டி வளர்கிறதா என்பது கேள்வி. இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன்.

கட்டி வேண்டுமென்றால் அறுவை சிகிச்சை நடக்க வேண்டும். ஈரல் புற்றுநோய்க்காரர்கள் பெரும்பாலும் அறுவை சிகிச்சை செய்யமுடியாத கட்டத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். எப்போதாவது ஒருவர் நேரத்தோடு வருவார். அவருக்கு நாள் குறித்ததும் சர்ஜன் எங்கள் லேபுக்குப் போன் செய்வார். நான் திரவ நைட்ரஜன் நிரப்பிய குடுவையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போவேன். எடுத்த உடனே அதில் போட்டு உறையவைக்க வேண்டும். ஆர்.என்.ஏ. அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகும். மனித வியர்வை ஒரு துளி பட்டாலே போய்விடும். சென்னையில் வியர்வைக்குப் பஞ்சம் கிடையாது. நாங்கள் கையுறைக்கு மேல் கையுறை மாட்டிக்கொண்டு, உறைக்குள் வியர்த்துக்கொண்டு வேலை பார்த்தோம்.

அப்படித்தான் பட்டன் கடைக்காரரைச் சந்தித்தேன். தி. நகரில் லைனிங் துணி, ஜிப், நூல், ஹூக், பட்டன் விற்கும் கடை வைத்திருந்தார். அப்பா காலத்துக் கடை. வீட்டில் உருது பேசுகிறவர்கள். இளவயதில் வந்த மஞ்சள் காமாலையின் கிருமி ரத்தத்திலேயே தங்கி, வருஷக்கணக்கில் ஈரலைக் கெடுத்துக் கட்டியில் கொண்டுவந்து விட்டிருந்தது. ஆபரேஷனுக்கு முதல்நாள், கட்டியில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதம் என்று அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்ய வேண்டிய பயிற்சி டாக்டரைக் காணோம். என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அவர் கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார்.

"நீங்கதான் வாங்கிட்டுப் போறவங்களா?" என்றார்.

"ஆமா சார்."

"எவ்ளோ எடுப்பீங்க?"

"நான் எடுக்கமாட்டேன். டாக்டர் வெட்டி எடுத்ததுல எனக்குக் கொஞ்சம் தருவார்."

"மிச்சம்?"

"பரிசோதனைக்குப் போகும்."

"அப்ப எனக்கு எதுவும் வராது."

"வராது சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். "மயிலாப்பூரா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். "மயிலாப்பூர்காரங்க எதையும் சுத்தி வளைச்சுச் சொல்லமாட்டாங்க. ஒரே ஒரு பட்டனைக் கொண்டாந்து, இதே மாதிரி இருக்கா, இல்லையான்னு கேப்பாங்க. இல்லைன்னா போயிடுவாங்க."

மனைவி எனக்கு ரெண்டு சுளை ஆரஞ்சு கொடுத்தார். மறுநாள் அவருடைய ஈரலிலிருந்து வெட்டி எடுத்ததில் எனக்கு ரெண்டு துண்டு கிடைத்தது. கட்டியிலிருந்து ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க ஓரத்து நல்ல ஈரலில் ஒன்று. எங்கள் வரிசையில் அது பதினொன்றாம் எண்.

சில மாதம் கழித்து வாட்ச்மேன் உள்ளே வந்தார். "ஒரு பாய் வந்துகீறார்மா. சம்சாரத்தோட. அவரு பொருள் இன்னாவோ உங்கிட்ட கீதாம். பாத்துட்டுப் போறேன்றார்."

வாசலில் பட்டன் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. அந்தப் பக்கமாக செக்கப்புக்கு வந்தாராம், அப்படியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமென்று தோன்றியதாம்.

பேராசிரியரிடம் போய்க் கேட்டேன். அவர் விதிமுறைகளில் பிடிப்புள்ளவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதுக்கு விதி ஏதாவது இருக்கா?" என்றார்.

"தெரியல சார். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"விதி இல்லேன்னா தடையும் இல்ல. காட்டிடுங்க. எதையும் தொடவேண்டாம்னு சொல்லுங்க."

உறைபெட்டியைத் திறந்து பனியைத் துடைத்து ஒரு சின்னக் குப்பியைக் காட்டினேன். உள்ளே புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ கரும்பழுப்பாக இருந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"மிச்சத்தை அரைச்சுட்டோம்."

"எதுல?"

"சின்னக் கல்வம் மாதிரி ஒண்ணு இருக்கு. அதுல."

மனைவி உருதுவில் ஏதோ சொன்னார். அவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "மசாலா மாதிரியான்னு கேக்கறா."

"கிட்டத்தட்ட" என்றேன்.

பிறகு எங்கள் சோதனை முடிவு பதிந்திருந்த எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். ஒவ்வொருவருக்கும் ரெண்டு கோடு. இடதுபக்கம் நல்ல ஈரல், வலதுபக்கம் கட்டி. புரதம் ஆர்.என்.ஏ.வைப் பிடித்திருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழும். எவ்வளவு கறுப்போ அவ்வளவு புரதம். எதுவரை புரிந்தது என்று தெரியவில்லை. ஆனால் அவர் எண் பதினொன்று என்று சொன்னதும், தன் கோட்டைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரமாகவில்லை.

"மத்தவங்களுது இவ்ளோ கறுப்பு இல்லியே."

"இல்ல."

"அப்ப நம்மளுதுதான் ஃபர்ஸ்ட்."

"கறுப்பா இருந்தா நல்லதில்ல பாய்."

"தெரியும் டாக்டரம்மா. பாத்ததைச் சொன்னேன்."

நான் டாக்டர் இல்லை என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். கடைசிவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார். மனைவி அன்று ஃபிலிமைப் பார்க்கவேயில்லை. ஜன்னலுக்கு வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு செக்கப்புக்கு வரும்போதெல்லாம் லேபுக்கும் வந்தார். இரண்டாம் முறை வந்தபோது எங்கள் வெள்ளைக் கோட்டுகளைக் கவனித்திருக்கிறார். ஒன்றிலும் முழுசாகப் பட்டன் கிடையாது. மூன்றாம் முறை ஒரு அட்டை நிறைய வெள்ளைப் பட்டன் கொண்டுவந்தார். அவர் மனைவி லேபின் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாக் கோட்டுக்கும் தைத்துக் கொடுத்தார். பேராசிரியர் தன் கோட்டை முதல்முதலாகப் பூட்டிக்கொண்டு நடந்தார். 

எங்கள் ஆட்களிடம் அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது, "நான் பதினொண்ணு" என்பார். பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நோயாளியோட அடையாளம் ரகசியமா இருக்கணும். இது நமக்கு உண்டான விதி."

"நான் யாருக்கும் சொல்லல சார். அவரே சொல்றார்."

"அவரே சொன்னா?" என்று யோசித்தார். அதற்கும் விதி இல்லை.

ஒருநாள் கடைக்காரர் பேராசிரியரிடமே நேராகக் கேட்டார். "சார், நீங்க இதைக் கண்டுபுடிச்சா எனக்கு மருந்து வருமா?"

பேராசிரியரிடம் எனக்குப் பிடித்த விஷயம், அவருக்குப் பொய் சொல்ல வராது. "உங்களுக்கு வராது" என்றார்.

"எப்ப வரும்?"

"தெரியாது. வருமான்னே தெரியாது."

"சரி" என்றார் கடைக்காரர். "கடையிலயும் சில சரக்கு அப்படித்தான். வாங்கிப் போடுவோம். நம்ம காலத்துல விக்காது." பிறகு கோட்டில் பட்டன் எல்லாம் நிற்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் வருவது நின்றது. நான் முதலில் மழை என்று நினைத்தேன். மழை விட்டும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை அம்மாவோடு ரவிக்கைக்கு லைனிங் வாங்கத் தி. நகர் போனபோது அந்தக் கடைக்குக் கூட்டிப்போனேன். கல்லாவில் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, உட்கார்ந்திருந்தார். அகலமான ஆள். பெயர் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. "அடையாறு டாக்டரம்மாவா? மேல இருக்காரு, போங்க" என்றார். வீடு கடைக்கு மேலேயே இருந்தது. அம்மா கீழே லைனிங் பார்த்தாள்.

அவருக்குக் கண் மஞ்சளாகியிருந்தது. கால் வீங்கியிருந்தது. கட்டி திரும்ப வந்துவிட்டது, இந்தத் தடவை வெட்ட முடியாதாம். என்னைப் பார்த்ததும் தலையணையை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"நம்ம பதினொண்ணு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு பாய்."

"அது நல்லா இருக்கும். ஃப்ரீஸர்ல இருக்கே."

எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர் மனைவி சிரித்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு டீ போட உள்ளே போனார். நான் டீ குடித்தேன். என்ன பேசினோம் என்று நினைவில்லை. இறங்கி வரும்போது அம்மா வாங்கிய லைனிங் நிறம் தப்பாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து அம்மாதான் வந்து சொன்னாள். தையற்காரர் சொல்லி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "அந்தப் பட்டன் கடை பாய் போய்ட்டாராம்டி." நான் அன்று லேபுக்குப் போனேன். வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். ஆனால் உறைபெட்டியில் பதினொன்றின் குப்பி இருந்த தட்டை மட்டும் வெளியே இழுக்கவில்லை. மறுநாளும் இழுக்கவில்லை. வேறு வேலை இருந்தது என்று யாராவது கேட்டால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

மூன்று நான்கு மாதம் கழித்து, எங்கள் கட்டுரையை அனுப்பியிருந்த வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. எல்லாம் சரி, ஆனால் பதினொன்றாம் எண்ணில் புரதம் மற்றவர்களைவிட மிக அதிகமாக இருக்கிறது, இது உண்மைதானா, மீண்டும் ஒருமுறை செய்து காட்டவும் என்று எழுதியிருந்தார்கள். கையிலிருந்தது அந்தப் புளியங்கொட்டை மட்டும்தான்.

நான் செய்யத் தொடங்குவதற்குள் அவர் மனைவி வந்தார். அவர்களில் கணவர் இறந்தால் மனைவி நான்கு மாதத்துக்கு மேல் வீட்டோடு இருக்கவேண்டும், இத்தா என்பார்கள். அது முடிந்ததும் முதல்முதலாக வெளியே வந்தது எங்கள் லேபுக்குத்தானாம். மச்சான் துணைக்கு வந்து வாசலிலேயே நின்றுகொண்டார்.

அந்த அம்மா அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்கணும்" என்றார். "எங்கள்ல உடம்புலேர்ந்து எது பிரிஞ்சாலும் மண்ணுக்குள்ள வெச்சுடணும். அவர் அடக்கம் ஆயிட்டாரு. இது மட்டும் இங்க இருக்கு. ராத்திரி படுத்தா அந்தப் பெட்டி ஓடற சத்தம் காதுல கேக்குது."

உறைபெட்டிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"குடுக்கக்கூடாதா?"

"குடுக்கலாம்னுதான் நெனைக்கறேன். சார்கிட்ட கேக்கணும்."

"அதுல இன்னும் உங்களுக்கு வேலை இருக்கா?"

பேராசிரியரோடு வேலை பார்த்ததில் உள்ளதை அப்படியே சொல்லிவிடும் பழக்கம் எனக்கும் தொற்றியிருந்தது. "ஒரே ஒரு வேலை இருக்கு" என்றேன். "வெளிநாட்டுல நம்பமாட்டேங்கறாங்க. இன்னொரு தடவை செஞ்சு காட்டச் சொல்றாங்க."

"எதை நம்பல?"

"அவருது அவ்ளோ கறுப்பா இருந்ததை."

அவர் முகம் மாறியது. கோபம் என்றுதான் நினைக்கிறேன். "ஏன் நம்பமாட்டாங்க? நாங்க பாத்தோம்" என்றார். அவர் அன்று மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைச் சொல்லவில்லை.

"செஞ்சு முடிங்க" என்றார். "முடிச்சுட்டு மிச்சத்தைக் குடுங்க. பாதியில தூக்கிட்டு வந்தேன்னா அவருக்குப் புடிக்காது."

பேராசிரியர் முழுவதையும் கேட்டுவிட்டு வெளியே வந்து அந்த அம்மாவிடம் கைகூப்பினார். கிருமி இருக்கக்கூடும் என்பதால் சில நாள் மருந்துத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் தரமுடியும், அதற்கு மட்டும் விதி இருக்கிறது என்றார். அந்த அம்மா சரி என்றார்.

புளியங்கொட்டையில் ஒரு ஓரத்தை மட்டும் சுரண்டி எடுத்து அரைத்தேன். மின்சாரம் போகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். போகவில்லை. ஃபிலிமைக் கழுவி எடுத்தபோது பட்டை முன்பு போலவே கறுப்பாக இருந்தது. இருட்டறைச் சிவப்பு விளக்கில் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். புற்றுநோயில் அதிகமாக இருக்கும் ஒரு புரதத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவது சரியா என்று தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

மிச்சத்தை வாங்கிக்கொள்ள அந்த அம்மாவும் மச்சானும் ஆட்டோவில் வந்தார்கள். ஃபிலிமைக் காட்டட்டுமா என்றேன். இந்தத் தடவை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்து, எது என்று கேட்டு, விரல் படாமல் பார்த்தார். "கறுப்புதான்" என்றார். திருப்பிக் கொடுத்தார்.

நானும் வரவா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது. தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

அவரை அடக்கம் செய்திருந்த கபரஸ்தான் ராயப்பேட்டைப் பக்கம். மச்சான் வெள்ளைத்துணியில் சுற்றிய சின்னப் பொட்டலத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே போனார். பெண்கள் போகும் வழக்கமில்லை. நாங்கள் மதிலோரம் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தோம். ஆட்டோக்காரர் எதிர்க்கடையிலிருந்து எங்களுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார்.

"உள்ள யார்னா சொந்தக்காரங்களாமா?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர்" என்றார் அந்த அம்மா.

"அடடா. எப்போ?"

"கொஞ்சம் இப்போ. மீதி அப்பவே."

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் டீயைக் குடித்தேன். 

"அந்தப் புரதம் எனக்கும் இருக்குமா?" என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

"இருக்கும். எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும்."

"அது கூடாம பாத்துக்க ஏதாவது இருக்கா?"

"அதுக்கு எதுவும் இல்ல. ஆனா அவருக்கு வந்த மஞ்சக்காமாலைக்குத் தடுப்பூசி இருக்கு. அந்தக் கிருமி ஒரே வீட்டுல ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்குப் போகும். முதல்ல எல்லாரும் ரத்தம் பாத்துக்கணும். இல்லாதவங்க ஊசி போட்டுக்கணும். டாக்டர் சொல்லலியா?"

"சொன்னாரு. அப்ப அவரைத்தவிர வேற யாரையும் பாக்கத் தோணல."

கட்டுரை வெளிவந்தது. நோயாளிகளுக்கு நன்றி என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தோம். எங்கள் புரதத்துக்குப் பிற்பாடு வேறு நாட்டில் வேறு யாரோ பெயர் வைத்தார்கள். பேராசிரியர் அந்தப் பெயரை உச்சரிக்கமாட்டார். அது ஈரல் கட்டியில் என்னதான் செய்கிறது என்பது எனக்கு இன்றுவரை பாதிதான் தெரியும்.

ஆனால் கபரஸ்தானுக்குப் போய்வந்த பதினைந்து நாளுக்குள் அந்த அம்மா ஒரு காரியம் செய்தார். கடையைப் பாதிநாள் மூடிவிட்டு, மகன், ரெண்டு மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், மச்சான், கடையில் வேலை பார்க்கிறவர்கள் என்று எல்லாரையும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போனார். மகனுக்கு மட்டும் கிருமி இருந்தது. ஈரல் இன்னும் கெடவில்லை. அவனை விடாமல் செக்கப்புக்கு அனுப்பினார். மற்றவர்களுக்கு ஊசி. என்னையும் வரச் சொல்லியிருந்தார்.

அகலமான மச்சான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் கடைசியாக நின்றார். அவர் முறை வந்ததும், தனக்கு வயசாகிவிட்டது, சின்னப்பிள்ளைகளுக்குப் போட்டால் போதாதா என்று நர்ஸிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். அந்த அம்மா பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

"திரும்பிக்கோ" என்றார். "பாக்காதே. முடிஞ்சதும் சொல்றேன்."